புள்ளிக்குப் பின்னால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

என் நாற்காலிக்கு வரப்போகிறவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. திங்கட்கிழமை வந்து சேருவீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். நான் ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து மாவட்டத்துக்குக் கிளம்புகிறேன். ஒப்படைப்புக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தால் போதும் என்றார் கோதண்டபாணி சார். அவர்தான் நம் மையத்தின் பொறுப்பாளர். ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கடவுச்சொல், அலமாரிச் சாவி, எந்த மின்விசிறி சுற்றாது என்பது வரை எல்லாம் அடங்கிவிட்டது. புயலன்று நடந்தது மட்டும் அடங்கவில்லை. பதினோரு நாள் ஆகிறது. அதை நினைத்தால் இப்போதும் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அதனால் வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், இங்கே இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் நிழலூர். பரவைத்துறை முழுவதையும், அதன் தெரு, பாலம், நாலாயிரத்து நூறு மனிதர்கள் அத்தனையையும் அப்படியே நகலெடுத்து உள்ளே ஓடவிட்டிருக்கும் பாவனை ஊர் அது. நிஜ ஊரில் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அங்கே ஏறும். நிஜ மனிதர் வீட்டைவிட்டுக் கிளம்புவாரா மாட்டாரா என்பதை அங்கே இருக்கும் அவருடைய நகல் சொல்லும். போன வருடங்களில் சைரன் ஒலித்தபோது என்ன செய்தார், கணக்கெடுப்பில் என்ன பதில் சொன்னார், பக்கத்து வீடு கிளம்பினால் கிளம்புகிற ஆளா என்பதையெல்லாம் கோத்து, ஆளுக்கு ஓர் எண் வைத்திருக்கும். நிச்சயம் கிளம்புவார் என்றால் ஒன்று. அசையவே மாட்டார் என்றால் பூஜ்யம்.

இன்னொன்று கணக்கர். அதற்கு ஊர் தெரியாது, மனிதர் தெரியாது. எண்கள் மட்டும்தான். நிழலூர் தரும் எண்களை வாங்கி, எந்தத் தெருவுக்கு எத்தனை பேருந்து, எந்த வழியாக என்று கணக்குப் போட்டுத் திருப்பித் தரும். நம்மிடம் எட்டுப் பேருந்துகள். ஏழு தானாக ஓடுபவை, கணக்கர் சொன்னால்தான் சக்கரம் உருளும். எட்டாவதற்கு ஓட்டுநர் உண்டு. உப்பளத் தெருவுக்குப் போகிற குறுகிய பாலத்தில் மற்ற வண்டிகளுக்கு முன்னால் போவதற்காக வைத்திருக்கும் பழைய வண்டி அது. ஓட்டுநர் நாகூர் மீரான். மீரான் பாய் என்று கூப்பிடுங்கள், சார் என்றால் கோபம் வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவே எண்கள் போய்வரும் பாதைதான் நம் வேலை. டெல்டாக்காரர்கள் என்பதால் அதற்கு வாய்க்கால் என்று பெயர் வைத்தோம். முப்பது விநாடிக்கு ஒருமுறை மதகு திறக்கும். நிழலூர் எண்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும், கணக்கர் பேருந்துகளைத் திருப்பி அனுப்பும், அதைப் பார்த்து நிழலூரின் மனிதர்கள் மனதை மாற்றிக்கொள்வார்கள், மறுபடி மதகு திறக்கும். அந்த வாய்க்காலை வெட்டியவள் நான். அதில் இருந்த தப்பும் நான் செய்ததே. இதை நீங்கள் வேறு யார் வாயிலாகவும் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை பக்கம்.

புயலன்று பகல் இரண்டு மணி பத்து நிமிடம். நான்கு மணிக்கு உப்பளத் தெருப் பாலத்தைத் தண்ணீர் மூடும் என்று நிழலூர் சொல்லியிருந்தது. ஊர் அழகாகக் காலியாகிக்கொண்டிருந்தது. ஏழு பேருந்துகளும் திரையில் எறும்பு மாதிரி போய்வந்துகொண்டிருந்தன. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மூன்று வருட உழைப்பு, முதல்முறையாக நிஜத் தண்ணீருக்கு எதிரில் ஓடுகிறது! அப்போது மீரான் பாய் கூப்பிட்டார்.

"மேடம், நான் டிப்போ வாசல்ல சும்மா உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன். நாலாவது டீ. என் வண்டிக்கு ஒண்ணும் வரலியே?"

"உப்பளத் தெரு நம்பர் வந்தா வரும் பாய். வெயிட் பண்ணுங்க."

"அங்க இருநூறு சனம் இருக்கு. எப்ப வரும்?"

உப்பளத் தெருவைத் திறந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கணக்கரின் பக்கத்தில், கிளம்பச் சம்மதிப்பவர்கள்: பூஜ்யம். தேவையான பேருந்து: பூஜ்யம்.

"பாய், அந்தத் தெருவுல யாரும் வரமாட்டாங்கன்னு காட்டுதே."

அவர் சிரித்தார். "ஒருத்தர்கூடவா? என்னா மேடம் நீங்க. அந்தத் தெருவுல கல்யாணப் பந்தியில பாயசம் இனிப்பா இருக்கான்னு கேட்டாலே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சி சண்டை போடுவாங்க. இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒரே சொல்லு சொல்லிட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு நான் என்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள். வாய்க்காலின் மேல்முனைக்குப் போய், நிழலூர் என்ன அனுப்புகிறது என்று நேரடியாகப் பார்த்தேன். பூஜ்யம் ஒன்றுகூட இல்லை. 0.62. 0.58. 0.71. 0.44. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளும் புள்ளி வைத்த எண்கள். கீழ்முனையில் கணக்கர் வாங்கிக்கொண்டது: 0, 0, 0, 0.

நடந்தது இதுதான். போன வருடம் எடுத்த முதல் கணக்கெடுப்பில் "வருவேன்", "வரமாட்டேன்" என்ற இரண்டு பதில்கள்தான் இருந்தன. எண்களும் ஒன்று, பூஜ்யம் மட்டுமே. வேகமாகப் போகட்டும் என்று முழு எண்கள் மட்டும் நுழையும் அளவுக்கு வாய்க்காலைக் குறுக்கி வெட்டினேன். ஜூன் மாதம் நிழலூரைப் புதுப்பித்தபோது தயக்கத்தையும் அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். புள்ளி வைத்த எண்கள் வந்தன. நிழலூரைச் சோதித்தார்கள், சரி. கணக்கரைச் சோதித்தார்கள், சரி. நடுவில் இருந்த மதகை யாரும் சோதிக்கவில்லை. அது புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் சத்தமில்லாமல் வெட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. 0.99 வந்தாலும் பூஜ்யம்தான்.

மற்ற தெருக்களில் பாதிப் பேர் எழுதிக் கொடுத்து உறுதி செய்திருந்தார்கள், அவர்களுக்கு முழு ஒன்று. அவர்களுக்காகப் போன பேருந்தில் தயங்கியவர்களும் ஏறிக்கொண்டார்கள். அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. உப்பளத் தெருவில் எழுதிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. மூன்றுமுறை சைரன் ஊதி அழைத்துப்போய், மூன்றுமுறையும் தண்ணீர் வராமல், திரும்பி வந்து பார்த்தபோது உப்புக் குவியல்களின் கீற்று பறந்து மழையில் உப்பெல்லாம் கரைந்துபோயிருந்த தெரு அது. அவர்கள் மாட்டேன் என்று சொல்லவில்லை. தயங்கினார்கள், அவ்வளவுதான். தயங்கியவர்களை நான் இல்லாதவர்களாக்கிவிட்டேன்.

"சார்!" என்று கத்தினேன். கோதண்டபாணி சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி பண்ண எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"ஒரே ஒரு வார்த்தை மாத்தணும் சார். ஆனா ரெண்டையும் நிறுத்தி மறுபடி சேர்த்து ஓட விடணும். பதினோரு நிமிஷம். அதுவரைக்கும் ஏழு பஸ்ஸும் நின்ன இடத்துல நிக்கும்."

"மழையில, நடு ரோட்டுலயா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார். "பண்ணு சுடரொளி" என்றார்.

அந்தப் பதினோரு நிமிடம் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. இரண்டு முப்பத்தாறுக்கு மதகு மறுபடி திறந்தது. கணக்கரின் பக்கம் முதல்முறையாகப் புள்ளிகள் வந்து விழுந்தன. எழுந்து நின்று கைதட்டினேன், வெட்கமில்லாமல். உப்பளத் தெருவுக்குப் பேருந்து எத்தனை என்று பார்த்தேன்.

பூஜ்யம்.

இந்தமுறை வாய்க்காலில் ஒரு குற்றமும் இல்லை. எண்கள்தான் இறங்கியிருந்தன. சற்று முன் 0.62 இருந்த இடத்தில் 0.31. மற்ற தெருக்களுக்கெல்லாம் வண்டி வந்து, தங்கள் தெருவுக்கு மட்டும் வராததைப் பார்த்து, நிழலூரின் உப்பளத் தெரு மனதைத் தேற்றிக்கொண்டு கதவைச் சாத்த ஆரம்பித்திருந்தது. சராசரி பாதிக்குக் கீழே போன தெருவுக்கு வண்டி அனுப்பி நேரத்தை வீணாக்காதே என்பது கணக்கருக்கு நாங்களே சொல்லிக் கொடுத்த விதி. வண்டி வராததால் மனசு இறங்குகிறது, மனசு இறங்கியதால் வண்டி வராது. முப்பது விநாடிக்கு ஒருமுறை இந்தச் சேதியைத்தான் என் வாய்க்கால் மிக ஒழுங்காக அங்குமிங்கும் சுமந்துகொண்டிருந்தது. தெருவின் சராசரி 0.30. 0.29.

நகலை விட்டுவிட்டு நிஜ மனிதரைக் கேட்போம் என்று வேதவல்லி அக்காவுக்கு போன் செய்தேன். உப்பளத் தெரு மகளிர் குழுத் தலைவி. எடுத்ததும் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, மையத்துலேருந்து சுடரொளி. பஸ் அனுப்பினா வருவீங்களா?"

"என்னா கேள்வி இது? பஸ் எங்க இருக்கு?"

"நீங்க வரேன்னு சொன்னாத்தான் அனுப்ப முடியும்."

"நல்லா இருக்கே! நாங்க வரேன்னாத்தான் நீ அனுப்புவ, நீ அனுப்பினாத்தான் நாங்க வருவோம். ரெண்டு பேரும் இப்பிடியே பேசிக்கிட்டு இருப்போம், தண்ணி வந்து பஞ்சாயத்து பண்ணட்டும்."

"அக்கா, வருவீங்களா, மாட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

யாரையோ ஆட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னார். பிறகு, "வண்டி வரட்டும், பாப்போம்" என்றார்.

பார்ப்போம்! அந்த வார்த்தையை எந்த முழு எண்ணில் எழுதுவீர்கள்? கோதண்டபாணி சாரிடம் ஓடினேன். கையால் உத்தரவு போட்டு மீரான் பாய் வண்டியோடு இன்னும் மூன்றை அனுப்பலாமா என்றேன்.

"கணக்கரை மீறி வண்டிய எடுத்தா, அது இல்லாம இன்னொரு தெருவுல ஒரு உசுரு போனா, யாரும்மா பதில் சொல்றது? இந்த மாதிரி நேரத்துல ஆளாளுக்கு முடிவெடுக்கக் கூடாதுன்னுதானே இதையே கட்டினோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மறுபடி கண்ணாடியைக் கழற்றினார். அவரும் தயங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மீரான் பாயைக் கூப்பிட்டேன், மன்னிப்புக் கேட்பதற்காக. வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது.

"பாய், எங்க இருக்கீங்க?"

"சந்தைப்பேட்டை வளைவு தாண்டிட்டேன்."

"உத்தரவு வரலியே!"

"உத்தரவு வரும்போது வரட்டும். அது வண்டியில ஏறி எனக்குப் பின்னாடியே வரும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "மேடம், இருபத்தாறு வருஷமா அந்தத் தெருவுக்குக் கடைசி டிரிப் ஓட்டுறேன். வளைவுல நிப்பாட்டி ரெண்டு ஆரன் அடிப்பேன். இஞ்சின அணைக்க மாட்டேன். வரல வரலன்னு சொன்ன ஆளுங்கதான் வண்டி கண்ணுல பட்டதும் செருப்பத் தேடுவாங்க. இது உங்க டப்பாவுக்குத் தெரியாது, பாவம். அது பஸ்ல போனதில்ல" என்றார்.

திரையில் எட்டாவது வண்டி குறுகிய பாலத்தில் ஏறியது. நிஜ வண்டி நகர்ந்தால் நிழலூரிலும் நகரும். மதகு திறந்தது. 0.29. மூடியது. முப்பது விநாடி. திறந்தது. 0.33. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். 0.38. வண்டி வளைவுக்கு வந்தது. 0.45. கோதண்டபாணி சார் என் பின்னால் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன், வாய்விட்டு எண்களைப் படித்துக்கொண்டிருந்தார், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. "நாப்பத்தெட்டு… நாப்பத்தொம்பது… ஏறுடா, ஏறுடா…"

0.53.

கணக்கர் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. மூன்று பேருந்துகள் ஒரே நேரத்தில் வழியை மாற்றி உப்பளத் தெருப் பக்கம் திரும்பின. சார் என் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார், ஆசீர்வாதமா அடியா என்று இன்றுவரை தெரியாது.

மூன்று இருபத்தைந்துக்கு வேதவல்லி அக்காவே போன் செய்தார். பின்னால் ஆடு கத்தியது. "எல்லாரும் ஏறியாச்சி. ஆடு ரெண்டு ஏத்தியிருக்கேன். உன் கம்ப்யூட்டர்ல ஆட்டுக்கு எடம் போட்டிருக்கியா, இல்ல அதையும் பூச்சியம்னு வச்சிருக்கியா?"

"ஏத்துங்க அக்கா, ஏத்துங்க" என்றேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவரும் மிச்சமில்லை.

இங்கேயே கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் வரிசையாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு முக்கால் பங்கோடு நிறுத்தக்கூடாது.

மூன்றரைக்கு மையத்திலிருந்த எல்லோரும் கடைசி ஜீப்பில் கிளம்பினார்கள். இந்தக் கட்டடமும் தண்ணீர் ஏறுகிற துறைமுகச் சாலையில்தான் இருக்கிறது என்பது வந்ததும் உங்களுக்குத் தெரியும். "நீயும் வாம்மா" என்றார் சார். "பாலத்தைத் தாண்டி வண்டிங்க வந்து சேரட்டும் சார், பின்னாடியே வந்துடுறேன்" என்றேன். அப்படிச் சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

நாலடிக்க எட்டு நிமிடம் இருந்தபோது எல்லா வண்டிகளும் மேட்டுப் பள்ளிக்கூட முகாமை அடைந்துவிட்டன. எழுந்திருக்க வேண்டியதுதான். நான் எழுந்திருக்கவில்லை. மதகு திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை. எத்தனை அழகாக ஓடுகிறது! வாசல்படியில் தண்ணீர் ஏறிவிட்டது. எனக்குச் சட்டென்று ஓர் ஆசை. என் வரியைத் தேடிப் பார்த்தேன். வரிசை எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. சுடரொளி, பெண், முப்பத்து மூன்று வயது. கிளம்புவாரா?

0.00.

இதில் மதகின் தப்பு இல்லை, நான்தான் சரிசெய்துவிட்டேனே. நிழலூருக்கு என்னைத் தெரியும். இரண்டு ஒத்திகையிலும் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் இதே நாற்காலியில் இருந்தவள். பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான் என்று தோன்றியது. என்ன விசித்திரம் பாருங்கள், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. கணக்கு முடிந்துவிட்டதைப் போல. காலை மடித்து நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். தண்ணீர் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

வெளியே இரண்டு ஆரன்.

நான் நகரவில்லை. மறுபடி இரண்டு. இஞ்சின் அணையவில்லை, அந்தப் பழைய வண்டி இருமிக்கொண்டே நின்றது. போன் அடித்தது.

"மேடம், தண்ணி டயர்ல பாதி வந்துடுச்சி. செருப்பு கெடைச்சுதா?"

"பாய், எப்படித் தெரியும் நான் இங்க இருக்கேன்னு? எனக்கு வண்டி போட்டிருக்க மாட்டாங்களே. லிஸ்ட்ல என் பேரே இருக்காது."

"அதான் வந்தேன். முகாம்ல எறங்கினவங்க லிஸ்ட்ட முழுசாப் படிச்சேன், உங்க பேரு இல்ல. இல்லாத பேருக்குத்தானே வண்டி வேணும்? இருக்கிறவங்கதான் வந்துட்டாங்களே."

செருப்பைத் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. மற்றது மிதந்து மேசைக்கடியில் போயிருந்தது. ஒற்றைச் செருப்போடு முழங்கால் தண்ணீரில் ஓடி ஏறினேன். உள்ளே வேதவல்லி அக்கா இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "வழி காட்ட ஆளு வேணும்ல, இவரு பேச்சுக் குடுத்தாத்தான் நேரா ஓட்டுவாரு" என்று சொல்லிக்கொண்டே என் தலையைத் துடைத்துவிட்டார். மீரான் பாய் கண்ணாடியில் என் காலைப் பார்த்து, "பாதிதான் கெளம்பியிருக்கீங்க போல" என்றார்.

இனி உங்களுக்கான வேலைகள்.

மீரான் பாய்க்கு, உத்தரவில்லாமல் வண்டி எடுத்ததற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கோதண்டபாணி சாரும் நானும் சேர்ந்து ஒன்பது பக்கத்தில் பதில் எழுதி, சார் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். நகல் இரண்டாவது அலமாரியில். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் நீங்களும் தயங்காமல் பத்தாவது பக்கத்தைச் சேருங்கள்.

பாதிக்குக் கீழே இறங்கிய தெருவுக்கு வண்டி கிடையாது என்ற விதியை எடுத்துவிட்டோம். எந்தத் தெருவாக இருந்தாலும் முதல் வண்டி ஒன்று கேள்வியில்லாமல் போகும், வளைவில் நிற்கும். தானாக ஓடும் ஏழுக்கும் ஆரன் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவற்றில் இருக்கும் கிண்கிணிச் சத்தத்துக்கு யாரும் செருப்பைத் தேட மாட்டார்கள். வேலை பாதியில் நிற்கிறது, நீங்கள் முடிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் வடிந்து கருவிகளைக் காயவைத்த பிறகு, முகாமுக்குப் போயிருந்த பிரதியிலிருந்து என் வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நிழலூர் என்னைப் பற்றிச் சொன்னது தப்பாகிவிட்டதே, எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க. அது பிசகவே இல்லை. நம் திரை, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. இடம் போதாது என்று அப்படி அமைத்தவளும் நான்தான். முழு எண்ணையும் விரித்தேன்.

0.0031.

ஆயிரத்தில் மூன்று. எண்ணை வெட்டினது தப்பு என்று அன்றைக்குப் பகல் முழுக்கக் கத்தியவள், என் விஷயத்தில் மட்டும் வெட்டின எண்ணை அப்படியே நம்பிக் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறேன். நிழலூர் எனக்காக அந்த மூன்றை விட்டுவைத்திருந்தது, அத்தனை இலக்கம் தள்ளி.

திரையை நேற்று மாற்றிவிட்டேன். இப்போது எல்லா இலக்கமும் தெரியும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், எழுத்து சின்னதாகிவிட்டது. தயவுசெய்து பழையபடி மாற்றிவிடாதீர்கள். மேசைக்கடியில் ஒரு செருப்பு கிடந்தால் என்னுடையதுதான், மீரான் பாயிடம் கொடுத்துவிடுங்கள். அவர் வண்டி இந்த வழியாகத்தான் போகும். ஆரன் அடிப்பார்.

அன்புடன்,
சுடரொளி
பரவைத்துறை